நுண்ணாளியும் பற்றாசும்

தொடர்ந்து மாறும் ஓர் அசைவை, ஆம் அல்லது இல்லை என்னும் இரண்டு நிலைகளுள் ஒன்றாகத் தீர்த்து அறிவிக்கும் உறுப்பை ஆளி என்கிறோம். கணினிச் சுட்டியின் மேல் வைத்த விரல் கீழிறங்கும்போது அவ்விறக்கத்திற்கு எண்ணிறந்த இடைநிலைகள் உண்டு. கணினிக்கோ மின்னோட்டம் பாய்ந்தது, பாயவில்லை என்னும் இரண்டனுக்கு மேல் ஒன்றும் தெரியாது. எவ்விடத்தில் இல்லை முடிந்து ஆம் தொடங்குகிறது என்பதை ஒவ்வொரு முறையும் ஒரே வகையாக வரையறுத்துச் சொல்லும் பொறுப்பு, அவ்விரண்டிற்கும் நடுவே நிற்கும் ஆளியினுடையது. அவ்வரையறையில் தடுமாறத் தொடங்கிய ஆளியைக் களைந்து, அவ்விடத்தில் புதியதொன்றைப் பற்றவைக்கும் பணியையும், அப்பணிக்கு அடியாக நிற்கும் நெறிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆளிகளைப் பல வகையாகப் பகுக்கலாம். அழுத்திய நிலையிலேயே நிற்பது நிலையாளி. விரல் எடுத்தவுடன் பழைய நிலைக்கு மீள்வது மீளாளி. விரலின் விரைவையே தன் விரைவாகக் கொண்டு மெல்ல நெருங்கித் தொடுவது மெல்லியக்க ஆளி. விரல் எத்துணை மெல்ல இறங்கினும் குறித்த இடம் வந்ததும் வெடுக்கெனத் தாவித் தொடுவது வெடுக்கியக்க ஆளி. ஒரே தொடுமுனை உடையது ஒருவழி ஆளி. மேலொன்றும் கீழொன்றுமாக இரு தொடுமுனைகளுக்கு நடுவே மாறிமாறி நிற்பது இருவழி ஆளி. ஆட்டச்சுட்டியின் இடப் பொத்தானுக்கும் வலப் பொத்தானுக்கும் கீழே அமர்ந்திருக்கும் கருநிறச் சிறுபெட்டி, இப்பகுப்பின்படி மீளும் தன்மையதாகிய, வெடுக்கியக்கமுடைய இருவழி ஆளி. ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் நீளமும் 6 மில்லிமீட்டர் அகலமும் உள்ள அப்பெட்டியை நுண்ணாளி என வழங்குவோம்.

நுண்ணாளியின் உயிர்நிலை அதன் உள்ளிருக்கும் வில்தகடு. செம்பும் பெரிலியமும் கலந்த மெல்லிய மாழைத்தகடு ஒன்றை நீளவாட்டில் கீறி, நடுநாக்கை வளைத்து முட்டுக்கொடுத்து நிறுத்துகின்றனர். நாக்கு அழுந்திய நிலையிலும் அதனைச் சூழ்ந்த பகுதி இழுபட்ட நிலையிலும் இருப்பதால், தகட்டின் நுனி மேல்முனையோடு ஒட்டி நிற்கிறது. பொத்தானின் கீழ் துருத்தி நிற்கும் உந்துமுனை தகட்டை அழுத்த அழுத்த இவ்விரு விசைகளின் கோடுகளும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. அவை ஒன்றாகும் புள்ளியைத் தகடு கடந்தவுடன், இதுவரை நுனியை மேலே தள்ளிய அதே விசை இப்பொழுது கீழே தள்ளுகிறது. அப்புள்ளியில் நிலைத்து நிற்க இயலாது. ஒரு பக்கம் இல்லையேல் மறுபக்கம் என்பதே அவ்வமைப்பின் தன்மை. திருவிழாக் கடைகளில் விற்கும் தகரத் தவளை, அழுத்தும்போது ஒருமுறையும் விடும்போது ஒருமுறையும் ஒலிப்பது இந்நெறியால்தான். நடுநிலை என்பதையே இல்லாமற் செய்வதனால், விரலின் தயக்கம் மின்சுற்றைச் சென்றடைவதில்லை.

இவ்வாறு தாவும் ஆளியை அமெரிக்க நாட்டின் இல்லினாய்சு மாநிலத்துப் பிரீபோர்ட்டு நகரில், மின்கலம் செய்யும் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய மெக்கால் என்பவர் 1932-இல் புனைந்தார். சப்பானில் தத்தெய்சி கசுமா தொடங்கிய, பிற்காலத்தில் ஓம்ரான் எனப் பெயர் பெற்ற நிறுவனம் 1943-இல் அந்நாட்டின் முதல் நுண்ணாளியைச் செய்தது. எங்கெல்பர்ட்டும் அவருடைய உடனுழைப்பாளர் இங்கிலீசும் மரக்கட்டையால் முதற்சுட்டியை உருவாக்கியது 1964-ஆம் ஆண்டை ஒட்டி. அதற்கு ஒரே பொத்தான்தான். ஆக, சுட்டி பிறப்பதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே அதன் சொடுக்கு பிறந்து காத்திருந்தது.

ஆளி தாவும் இடமும் மீளும் இடமும் ஒன்றல்ல என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. இறங்கும்போது ஓரிடத்தில் தாவும் தகடு, ஏறும்போது அதற்குச் சற்று மேலே சென்ற பின்னரே மீளும். மீள்வேறுபாடு எனப்படும் இவ்விடைவெளி குறைபாடு போலத் தோன்றினும், உண்மையில் காவல். இரண்டும் ஒரே இடமாயின், அவ்விடத்தில் விரல் இம்மியளவு நடுங்கினாலும் சொடுக்குகள் மழையெனப் பொழியும்.

வெடுக்கெனத் தாவும் நுனி கீழ்முனையை மோதியவுடன் அமைந்துவிடுவதில்லை. மோதிய மாழை எதுவும் மீளத் துள்ளும். நுனி தொட்டு, விலகி, மீண்டும் தொட்டு, சில மில்லிநொடிகளுக்குப் பின்னரே ஓய்கிறது. மின்சுற்றின் பார்வையில் ஒரு சொடுக்கு என்பது ஒரு கொத்துச் சொடுக்குகள். எனவே சுட்டியின் உள்ளிருக்கும் சில்லு, முதற்றொடுதலைக் கண்டவுடன் குறித்த சில மில்லிநொடிகள் வரை பின்வரும் மாற்றங்களைப் பொருட்படுத்தாமல் இருக்குமாறு நெறிப்படுத்தப்பட்டுள்ளது. இதனைத் துள்ளல்நீக்கம் எனலாம். அந்நேரத்தை நீட்டினால் துள்ளல் முழுவதும் மறையும், ஆனால் விரைவாக அடுத்தடுத்து அழுத்துவோரின் உண்மையான சொடுக்கும் விழுங்கப்படலாம்; குறைத்தால் சுட்டி சுறுசுறுப்பாகும், ஆனால் துள்ளல் வெளியே கசியும். நொடிக்கு ஆயிரம் முறை கணினிக்குச் செய்தி அனுப்பும் ஆட்டச்சுட்டிகளின் உலகில் ஒவ்வொரு மில்லிநொடிக்கும் விலை உண்டு. ஆகவே செய்வோர் அந்நேரத்தைக் கூடியவரை குறுக்கவே முயல்கின்றனர்.

இருவழி ஆளியின் இரு முனைகளையும் படித்தால் இத்தடுமாற்றமே எழாது. நுனி மேல்முனையைவிட்டுக் கீழ்முனையை ஒருமுறை தொட்டவுடன் ஆம் எனக் கொண்டு, அது திரும்பவும் மேல்முனையைத் தொடும் வரையில் அம்முடிவை மாற்றாதிருத்தல் போதும். கீழ்முனையில் எத்துணை முறை துள்ளினாலும் மேல்முனை வரை எட்டாத துள்ளல் கணக்கில் வாராது, காத்திருத்தலும் வேண்டா. இந்நெறி நெடுநாளாக அறியப்பட்டதாயினும், மூன்று கால்களும் உடைய ஆளியைப் பொருத்திவிட்டு அவற்றுள் இரண்டை மட்டுமே பயன்படுத்தும் சுட்டிகள் ஏராளம். சுற்றுப்பலகையில் ஒரு செப்புத்தடத்தை மிச்சப்படுத்தி ஒரு சிக்கலை விலைக்கு வாங்குவது சிக்கனம் ஆகாது என்பது என் கருத்து.

இனி நோயைக் காண்போம். ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிதல், அழுத்திப் பிடித்து இழுத்துச் செல்லும் கோப்பு நடுவழியில் நழுவுதல் ஆகிய இரண்டும் நுண்ணாளித் தளர்ச்சியின் குறிகள். இரண்டாவது குறி முதலாவதைவிட உறுதியான சான்று. ஏனெனில் பிடித்திருக்கும் விரல் விலகாதபோது தொடர்பு அறுந்தால், குற்றம் விரலினுடையதாக இருக்க வழியில்லை.

நோய்க்குக் காரணம் என்ன? பலரும் முதலில் எண்ணுவது தேய்மானம். நுண்ணாளிகளின் வாழ்நாளை ஒரு கோடி, இரண்டு கோடி, ஐந்து கோடி அழுத்தங்கள் எனச் செய்வோர் குறிக்கின்றனர். நாளொன்றுக்குப் பத்தாயிரம் முறை சொடுக்குவோர்க்கு இரண்டு கோடி என்பது ஐந்தரை ஆண்டு. ஆனால் அதற்கு நெடுநாள் முன்பே தடுமாறும் ஆளிகள் உண்டு. பெட்டியின் மேலுள்ள எண் பெரும்பாலும் தகட்டின் பொறிவாழ்நாளைக் குறிப்பது; தொடுமுனையின் மின்வாழ்நாள் வேறு கணக்கு. அக்கணக்கில்தான் வியப்பிற்குரிய ஒரு நெறி ஒளிந்துள்ளது: தொடுமுனை மிகுந்த ஓட்டத்தால் மட்டுமன்றி, குறைந்த ஓட்டத்தாலும் கெடும்.

தொடுமுனைகள் பெரும்பாலும் வெள்ளியாலோ வெள்ளி கலந்த மாழையாலோ ஆனவை. வெள்ளி மின்னைக் கடத்துவதில் மாழைகள் அனைத்தினும் தலைசிறந்தது. ஆனால் காற்றிலுள்ள கந்தக வளிகளோடு சேர்ந்து கருமை படரும் இயல்பும் அதற்கு உண்டு. வீட்டு வெள்ளிக்குத்துவிளக்கில் நாம் காணும் கருமைதான் தொடுமுனையிலும் மெல்லிய படலமாகப் படர்கிறது. வலிய ஓட்டம் பாயும் ஆளியில், தொடும் நொடியில் எழும் சிறுபொறி அப்படலத்தை எரித்து முனையைத் தானே தூய்மை செய்துகொள்ளும். அவ்வாறு தூய்மையைக் காக்கும் அளவுக்குக் குறையாத ஓட்டத்தை நனைப்போட்டம் எனலாம். சுட்டியின் மின்சுற்றிலோ, 3.3 வோல்ட்டு அழுத்தம் 33,000 ஓம் தடையின் வழியே செல்வதாகக் கொண்டால், பாய்வது 0.1 மில்லி ஆம்பியர் மட்டுமே. கம்பியில்லாச் சுட்டிகள் மின்கலத்தைச் சேமிக்க ஓட்டத்தை மேலும் குறைக்கக்கூடும். அத்துணை மெலிந்த ஓட்டம் படலத்தை எரிக்காது, படலம் வளரும், தொடுமுனையின் தடை கூடும், தகடு உரிய இடத்தில் அமர்ந்திருந்தும் சில்லுக்குத் தொடர்பு விட்டுவிட்டுத் தெரியும். இதனோடு வில்தகடு நாளடைவில் தளர்ந்து தொடுவிசையும் குறையுமாயின், துள்ளல் நீண்டு, துள்ளல்நீக்க நேரத்தையும் தாண்டும். அப்பொழுது ஒன்று இரண்டாகிறது.

வலிய ஓட்டத்திற்கு வெள்ளியும் மெலிய ஓட்டத்திற்குப் பொன்னும் ஏற்றவை என்னும் ஒழுங்கு இதிலிருந்து பிறக்கிறது. பொன் கறுக்காது, ஆகவே அதற்குப் பொறியின் துணை வேண்டா. அதே பொன்னை வலிய ஓட்டத்தில் வைத்தால் பொறியால் மென்படலம் தேய்ந்தழியும். விலைமிக்கது எங்கும் மேலானது என்னும் எண்ணத்திற்கு இங்கே இடமில்லை.

மாற்று ஆளியைத் தேர்வோர் இவ்வொழுங்கை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். ஓம்ரானின் டி-2-எஃப் குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதில் 01 என்னும் குறியுடைய வகை பொன்முனை கொண்டது. ஒரு மில்லி ஆம்பியர் அளவிலான மெலிந்த ஓட்டத்திற்கென வகுக்கப்பட்டது. குறியின் இறுதியில் மற்றுமோர் எஃப் வருமாயின் அழுத்துவிசை 0.74 நியூட்டன், ஏறத்தாழ 75 கிராம் எடையின் விசை. அவ்வெழுத்து இல்லாத இயல்புவகைக்கு 1.47 நியூட்டன், அதாவது இருமடங்கு. ஓரெழுத்தைக் கவனியாது வாங்கியவர் மாலைக்குள் விரல்வலியால் அவ்வெழுத்தின் பொருளை அறிவார். கைல், உவானோ முதலிய சீனச் செய்வோரின் ஆளிகளும் இதே வடிவளவில் கிடைக்கின்றன. அவற்றுள் அழுத்தம் மிகுந்தவை, ஒலி கூர்மையானவை எனப் பலவகை உண்டு. ஐந்து கோடி, எட்டு கோடி என்னும் எண்களைவிடத் தொடுமுனையின் மாழையும் அழுத்துவிசையும் கேட்டறியத்தக்கவை. ஒன்று பழுதாயினும் இடமும் வலமும் ஆகிய இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நன்று. ஒரு கைக்குள் இருவேறு சொடுக்குகள் ஓயாத உறுத்தல்.

இனிப் பற்றவைத்தல். இரு மாழைகளை உருக்காமல், அவற்றினும் எளிதில் உருகும் மூன்றாவது மாழையால் இணைப்பது பற்றவைப்பு. இணைக்கும் அம்மூன்றாவதே பற்றாசு. நம் பொற்கொல்லர் பட்டறையில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல் இது. இருகுறள் நேரிசை வெண்பாவில் முதற்குறளின் இறுதியையும் தனிச்சொல்லையும் இணைக்க இடும் அசையை யாப்புநூலார் ஆசு என்றதும் இதனை ஒட்டியே. மின்பணிக்குரிய பழைய பற்றாசு வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. வெள்ளீயம் 232 பாகையிலும் காரீயம் 327 பாகையிலும் உருகும்; ஆனால் முன்னது 63 பங்கும் பின்னது 37 பங்குமாகக் கலந்தால், கலவை 183 பாகையிலேயே உருகுகிறது. தன் உறுப்புகள் இரண்டினும் தாழ்ந்த வெப்பநிலையில், இடைப்பட்ட கூழ்நிலை இன்றி, திண்மத்திலிருந்து நேரே நீர்மமாக மாறும் இத்தகைய கலவை நல்லுருகு கலவை எனப்படும். காரீயம் நஞ்சு ஆதலின் ஐரோப்பிய ஒன்றியம் 2006 சூலை முதல் நாளிலிருந்து மின்கருவிகளில் அதனைத் தடுத்தது, அதன்பின் 96.5 விழுக்காடு வெள்ளீயமும் 3 விழுக்காடு வெள்ளியும் 0.5 விழுக்காடு செம்பும் சேர்ந்த கலவை பெருவழக்காயிற்று. அது உருகுவது 217 பாகைக்கு மேல். இன்றைய சுட்டிகளுள் இருப்பது பெரும்பாலும் இத்தகைய காரீயமில்லாக் கலவையே.

பற்றாசு பசை அன்று. உருகிய வெள்ளீயம் செம்பைத் தொடும் இடத்தில் இரண்டும் வினைபுரிந்து, ஆறு செம்பணுவுக்கு ஐந்து வெள்ளீய அணு என்னும் அளவில் புதியதொரு சேர்மப் படலத்தை உண்டாக்குகின்றன. மிக மெல்லிய அப்படலமே இணைப்பின் உண்மையான பிடி. சூடு போதாவிடின் படலம் உருவாகாது. சூடு நீடித்தால் படலம் தடித்து நொறுங்கும் தன்மை பெறும். மேலும், செம்பின் மீது உயிர்வளி சேர்ந்து படிந்த மாசு இருக்குமாயின் வெள்ளீயம் அதனை நனையாது உருண்டோடும். அம்மாசை அகற்றும் துணைப்பொருளை இளக்கி என்போம். பொற்கொல்லர்க்கு வெண்காரப் பொடி இளக்கி. பொடிவைத்து ஊதுதல் என்பது அவர்கள் தொழில், பொடிவைத்துப் பேசுதல் நம் அனைவர் தொழில். மின்பணிக்கு ஊசியிலை மரத்தின் பிசின் இளக்கி; பற்றாசுக் கம்பியின் உள்ளீடாகவே அது அடைக்கப்பட்டிருக்கும். அதன் புகை மூச்சுக்குழலை உறுத்தும்; காற்றோட்டமான இடமும், பணி முடிந்து கைகழுவுதலும் வேண்டும்.

சுட்டியைத் திறக்கும் முறை சுருங்கச் சொல்லத்தக்கது. திருகாணிகள் பெரும்பாலும் அடிப்புறத்து வழுக்குத் தகடுகளின் கீழ் மறைந்திருக்கும். உரித்த தகடு பழையபடி ஒட்டாது, புதியது வாங்கி வைத்திருத்தல் நலம். கம்பியில்லாச் சுட்டியாயின் மின்கலத்தின் இணைப்பை முதலில் கழற்றுக. மேல்மூடியையும் கீழ்ப்பகுதியையும் இணைக்கும் பட்டைக்கம்பி மெல்லியது. விரைந்து பிரிப்பவர் அதனை அறுத்துவிடுவர்.

அரிய பணி பழைய ஆளியைக் களைவதே. கண்ணாடியிழையாலான சுற்றுப்பலகையின் துளைகளுக்குள் செம்பு பூசப்பட்டிருக்கிறது. ஆளியின் மூன்று கால்களும் அத்துளைகளில் இறங்கிப் பற்றாசால் நிரம்பியுள்ளன. ஒரு காலின் பற்றாசு உருகும்போது மற்றைய இரண்டும் இறுகியிருப்பதால், இழுத்தால் வாராது. வலிந்து இழுத்தால் துளையின் செம்புப்பூச்சும் சுற்றியுள்ள செப்புவட்டமும் பெயர்ந்துவிடும். எறியப்போகும் ஆளிக்கு இரங்க வேண்டா, பலகைக்கே இரங்குக. மூன்று கால்களின் மீதும் புதிய காரீயப் பற்றாசைத் தாராளமாக இட்டால், பழையதோடு கலந்து உருகுநிலை தாழ்கிறது. பின்னர் பற்றவைப்புக் கோலை 350 பாகை அளவில் வைத்து, கால்களை மாறிமாறிச் சூடாக்கி, மூன்றும் ஒருங்கே உருகியிருக்கும் இடைவேளையில் ஆளியை மெல்ல அசைத்தெடுக்கலாம். இளக்கியில் தோய்த்த செப்புப் பின்னலோ உறிஞ்சுகுழலோ எஞ்சிய பற்றாசைத் துளைகளிலிருந்து நீக்கும். பின்னலின் நுண்ணிழைகளுக்கு இடையே உருகிய மாழை ஏறுவது, விளக்குத்திரியில் எண்ணெய் ஏறும் அதே நுண்புழை நெறியால்.

வெள்ளீயம் 42 பங்கும் பிசுமத்து 58 பங்கும் சேர்ந்த, 138 பாகையில் உருகும் கலவையைச் சிலர் களைவதற்குப் பயன்படுத்துகின்றனர். பணி மிக எளிதாகும் என்பது உண்மை. ஆனால் பிசுமத்தும் காரீயமும் வெள்ளீயமும் ஆகிய மூன்றும் சேர்ந்தால் 96 பாகை அளவிலேயே உருகும் பகுதி உண்டாகக்கூடும், இணைப்பு வலுவிழக்கும். ஆகவே அதனைப் பயன்படுத்தியோர் துளைகளை முற்றத் துடைத்த பின்னரே புதிய பற்றாசை இடுதல் வேண்டும்.

புதிய ஆளியைப் பொருத்துமுன் அதன் உந்துமுனையைக் காண்க. அது பெட்டியின் நடுவில் இல்லை. ஒரு புறமாக ஒதுங்கியிருக்கும். பழையது எப்புறம் நோக்கியதோ அப்புறமே புதியதும் நோக்க வேண்டும். திருப்பிவைத்தாலும் கால்கள் துளைகளில் இறங்கிவிடும் என்பதனால் இக்கவனம் இரட்டிப்புத் தேவை. ஆளியின் அடி பலகையோடு இடைவெளியின்றி அமர்தல் வேண்டும்; அரை மில்லிமீட்டர் உயர்ந்தாலும் பொத்தான் எப்பொழுதும் அழுந்தியே கிடக்கக்கூடும், சாய்ந்தால் சொடுக்கு சாயும். எனவே ஒரு காலை மட்டும் முதலில் பற்றவைத்து, அமைவை நோக்கி, வேண்டின் மீண்டும் உருக்கித் திருத்தி, அதன்பின் மற்றவற்றைப் பற்றவைக்க. ஒவ்வொரு காலுக்கும் இரண்டு மூன்று நொடிகள் போதும். அதற்கு மேல் நீடித்தால் நெகிழிப் பெட்டி இளகி உள்ளிருக்கும் தகட்டின் அமைவு குலையும். எஞ்சிய இளக்கியைச் சாராயத்தால் கழுவிவிடும் வழக்கம் இங்கே தீது: பெட்டி காற்றுப்புகாதது அன்று, கரைந்த பிசின் உள்ளே நுழைந்து தொடுமுனையில் படிந்தால், மாற்றிய ஆளி முதல் நாளிலேயே பழைய ஆளியாகும்.

மூடுமுன் மின்னளவியைத் தொடர்புநிலையில் வைத்துப் தகட்டோடு இணைந்த பொதுமுனைக்கும் இயல்பில் திறந்திருக்கும் கீழ்முனைக்கும் இடையே பார்க்க. அழுத்தும்போது ஒலித்து, விடும்போது ஓய்தல் வேண்டும். மூடிய பின் ஒரு கோப்பைப் பிடித்துத் திரையெங்கும் மெல்ல இழுத்துச் செல்க. நழுவாதாயின் தொடர்பு உறுதி. நோய்க்காலத்தில் மென்பொருள் வழியே துள்ளல்நீக்க நேரத்தைக் கூட்டி வைத்திருந்தோர் அதனைப் பழைய அளவுக்குக் குறைத்துவிடலாம்.

களைந்த ஆளியை எறிவதற்கு முன், அதன் மூடியை ஒரு கூர்முனையால் நெம்பித் திறந்து உருப்பெருக்கியில் நோக்குவது பயனுடையது. தொடுமுனையில் கரும்புள்ளி தென்பட்டால் குற்றம் படலத்தினுடையது. பொன்முனை வகைக்கு மாறியது முறையே. முனை ஒளிர்ந்தும் நாக்கு தளர்ந்து வளைவு குன்றியிருந்தால் குற்றம் தகட்டினுடையது. அப்பொழுது பொறிவாழ்நாள் மிகுந்த ஆளியே தேர்வுக்குரியது. இரண்டும் இன்றி ஆளி நலமாகத் தோன்றினால், ஐயத்தைப் பலகையின் மீதும் பட்டைக்கம்பியின் இணைப்பின் மீதும் திருப்புதல் வேண்டும்.